புதுப்பிப்பு: எஸ்இஓ எங்க கத்துக்கறதுன்னு கேட்டிருந்தேனே

அம்மாவோட முறுக்கு, சீடை விக்கற சைட் கூகுள்ல எங்கயுமே வரல, எஸ்இஓ (கூகுள் தேடல்ல சைட்டை மேல வர வைக்கற வேலை) எங்க கத்துக்கலாம்னு மூணு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். பாதி பேர் கோர்ஸ் சேரச் சொன்னீங்க, ஒரு இடத்துல காசு கட்டி சேந்தேன், மொத நாளே மெட்டா கீவேர்ட்ஸ் (பேஜோட கோடுல மறைவா எழுதற தேடல் வார்த்தைங்க) நிரப்பச் சொல்லித் தந்தாங்க, அதை ரேங்கிங்குக்குப் பாக்கறதே இல்லன்னு கூகுளே 2009லயே சொல்லியாச்சு, அதோட போறத நிறுத்திட்டேன் (காசு போனது போனதுதான்).

உருப்படியா இருந்தது சைட் வெச்சிருக்கறவங்களுக்காக கூகுள் நடத்தற சர்ச் சென்ட்ரல்ல இருக்கற எஸ்இஓ ஸ்டார்ட்டர் கைடு. ஃப்ரீ, ஒரு சாயங்காலத்துல படிச்சிடலாம். அப்புறம் சர்ச் கன்சோல், நம்ம சைட் கூகுள் தேடல்ல எப்படி இருக்குன்னு காட்டற கூகுளோட டூல். யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன்ல ஹோம் பேஜைப் போட்டா 'நோஇண்டெக்ஸ்' டேக் (இந்தப் பேஜை தேடல்ல காட்டாதேன்னு சொல்ற குறிப்பு) இருக்குன்னு வருது, நோண்டிப் பாத்தா சைட் கட்டின வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேரோட ரீடிங் செட்டிங்ஸ்ல சர்ச் எஞ்சின் வேணாம்னு ஒரு டிக், சைட் கட்டறப்ப நானே போட்டது, அப்படியே கெடக்கு! எடுத்துட்டு, தேடல்ல சேத்துக்கச் சொல்லி இண்டெக்ஸிங் ரிக்வெஸ்ட் குடுத்தேன், நாலு நாள்ல வந்துடுச்சு.

அஹ்ரெஃப்ஸ்னு எஸ்இஓ டூல் விக்கற கம்பெனியோட ஃப்ரீ வீடியோவும் பரவால்ல, ஆனா நிறைய டெமோ அவங்க டூல்லயேதான்.

இப்ப சர்ச் கன்சோல்ல, ஜனங்க என்ன தேடறப்ப நம்ம சைட் வருதுன்னு காட்டற பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டை தினம் பாக்கறேன். நான் 'பாரம்பரிய தின்பண்டங்கள்'னு டைட்டில் வெச்சிருந்தா, ஜனங்க அடிக்கறது 'கை முறுக்கு ஒரு கிலோ விலை'. அம்மாகிட்ட சொன்னா, "வாசல்ல வந்து கேக்கறவங்களும் அதைத்தானடா கேக்கறாங்க"ன்னுட்டாங்க. டைட்டிலை மாத்தியாச்சு. பேக்லிங்க் (மத்த சைட்லேந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்) மட்டும் இன்னும் தொடல, தீபாவளி ஆர்டர் முடியட்டும்.