மோட்பஸ் லைனில் ஒரு சென்சார் மட்டும் தவறான வெப்பநிலை காட்டுகிறது

ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகளை ஒரே கேபிளில் இணைப்பது) மோட்பஸ் ஆர்டியூ (கருவிகள் தரவு பரிமாறும் நெறிமுறை), 9600 பாட், 8என்1, மொத்தம் 6 பிடி100 (வெப்பநிலை சென்சார்) டிரான்ஸ்மிட்டர்கள், கேபிள் சுமார் 180 மீட்டர். பத்து நாளாக முகவரி 4-இல் இருப்பது மட்டும் 42 டிகிரியிலிருந்து திடீரென்று 60-க்குத் தாவுகிறது, சில நொடியில் தானே இறங்கிவிடுகிறது, அதுவும் பக்கத்து மோட்டாரின் விஎஃப்டி (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) ஓடும்போதுதான்.

லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருக்கிறது. ஆர்எஸ்-485 கேபிளின் ஷீல்டை ஒரே முனையில் எர்த் செய்தேன், டிரான்ஸ்மிட்டரை மாற்றிப் போட்டேன், அப்புறம் பதிலுக்குக் காத்திருக்கும் டைம்அவுட்டை 200-லிருந்து 1000 மில்லிசெகண்டாக உயர்த்தினேன். ஒன்றும் மாறவில்லை.

எனக்கு உறுத்துவது, சிஆர்சி (தரவு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சோதனை) பிழை ஒன்றுகூடப் பதிவாகவில்லை. லைனில் இரைச்சல் என்றால் அந்தப் பதில் நிராகரிக்கப்பட்டிருக்குமே, தப்பான எண் எப்படி உள்ளே வரும்? பிடி100-க்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் இடையிலான வயரில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். மோட்டாரை நிறுத்தாமல் அதை எப்படி உறுதி செய்வது?