மந்திரம் குறைந்த உலகில் ஆட்டம் சுவைக்குமா?

கேள்வி:
நிலவறைகளில் சாகசம் செய்யும் பாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981ஆம் ஆண்டு பேசிக் (தொடக்கநிலை) விதிகளைக் கொண்டு, மந்திரப் பொருட்கள் அரிதாகவே தென்படும் உலகம் ஒன்றை நடத்த எண்ணியுள்ளேன். ஆட்டக்காரர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அவ்விதிகளில் முதல் நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம்தான் என்பதால், பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. வெளிச்சத்தைக் கறாராகக் கணக்கு வையுங்கள். 10 நிமிடச் சுற்றுகள் ஆறு கடந்தால் தீப்பந்தம் அணைந்துவிடும். இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையில் 1 விழுந்தால், அலைந்து திரியும் ஏதோ ஒன்று எதிர்ப்படும். கடைசிப் பந்தம் எரிகையில் பூட்டிய கதவை உடைப்பதா, திரும்புவதா என்று மேசையில் எழும் வாக்குவாதத்தை எந்த மந்திரக்கோலும் தராது.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். ஆனால் அரக்கர் பட்டியலையும் சற்றுப் பாருங்கள். மந்திரம் இன்றிக் கார்காயில் என்னும் சிறகுள்ள கல்லுரு அரக்கனைக் காயப்படுத்தவே முடியாது என்பதால், அதை நீக்கிவிடுவதே நியாயம். ஓநாய்மனிதனை வைத்துக்கொள்ளலாம், வெள்ளி ஆயுதம் போதும். வெள்ளிக் குறுவாளின் விலை 30 பொற்காசு. தொடக்க நிலை வீரனுக்கு அது சிறிய தொகையன்று.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முழுநாள் ஓய்வெடுத்தாலும் 1 முதல் 3 உயிர்ப்புள்ளிகள் வரைதானே காயம் ஆறும்? அதை மாற்ற வேண்டுமா?

மறுமொழி 2:
வேண்டாம். அந்த அச்சம் இருந்தால்தான் வாளை உருவுமுன் பேசிப்பார்ப்பார்கள்.