வீட்டில் கார் வேலைக்கு கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச்: எத்தனை நியூட்டன் மீட்டர் வேண்டும்?

முத்துநகர்_ஸ்விஃப்ட்:

வணக்கம் நண்பர்களே. ஊர் தூத்துக்குடி, வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல். ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், டயர் இடம் மாற்றுவது எல்லாம் வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறேன். போன மாதம் ஒரு டயர் கடையில் அலைன்மெண்ட் பார்த்து வந்ததிலிருந்து வீல் நட்டு அசைய மறுக்கிறது, ஏர் கன்னில் அப்படி முறுக்கி வைத்திருக்கிறார்கள். வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தால்தான் கழல்கிறது. வழியில் பஞ்சர் ஆனால் என் மனைவியால் ஸ்டெப்னி மாற்றவே முடியாது, அதுதான் பெரிய கவலை.

ஏற்கெனவே போஷ் நீல நிற 18 வோல்ட் டிரில் இருக்கிறது, 2 ஆம்பியர் ஹவர் பேட்டரி. அதே பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் (நட்டைத் தட்டித் தட்டிச் சுழற்றும் மெஷின்) ஒன்று வாங்க நினைக்கிறேன். 200 நியூட்டன் மீட்டர் தரும் ஜிடிஎக்ஸ் 18வி-200 வாங்கலாமா, இல்லை 400 தரும் ஜிடிஎஸ் 18வி-400 போகலாமா? இன்னொரு பக்கம் ஆன்லைனில் பெயர் தெரியாத கம்பெனி மெஷின் ஒன்று இரண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டியோடு பாதி விலைக்கு வருகிறது, 1000 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறான். அடுத்து சஸ்பென்ஷன் வேலையும் நானே செய்யலாம் என்று எண்ணம்.

டீசல்_பிரியன்:

ஜிடிஎஸ் 18வி-400 வாங்குங்கள், வெறும் மெஷின் மட்டும். காரணம் சொல்கிறேன்.

விளம்பரத்தில் வரும் எண்ணில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இறுக்கும்போது கிடைக்கும் டார்க், அதாவது நியூட்டன் மீட்டரில் அளக்கும் திருகு விசை. இன்னொன்று, இறுகிப்போன நட்டை உடைத்துக் கழற்றும்போது கிடைப்பதாகச் சொல்லும் டார்க், இது எப்போதும் பெரிய எண்ணாக இருக்கும். மகிதா டிடிடபிள்யூ300 எடுத்துக்கொண்டால் இறுக்க 330, கழற்ற 580 என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். பெயரில்லாத மெஷின்காரன் ஒரே ஒரு எண்ணைப் பெரிதாகப் போடுகிறான், அது எது, எப்படி அளந்தது என்று எங்கேயும் இருக்காது. அதே ஆட்கள்தான் பேட்டரியில் 288விஎஃப், 588விஎஃப் என்றெல்லாம் ஒட்டி விற்கிறார்கள். உள்ளே பிரித்தால் ஐந்து செல் தொடராக இருக்கும், ஒரு செல் 3.6 என்றால் 18 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வீதம் 21 வோல்ட், அவ்வளவுதான். 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் மூன்றும் ஒன்றே.

இப்போது உங்கள் தேவைக்கு வருவோம். சுசுகி சிறிய கார்களுக்கு வீல் நட்டு டார்க் 85 முதல் 100க்குள்தான், உங்கள் வண்டிக் கையேட்டில் சரியான எண் இருக்கும். ஹோண்டா சிட்டிக்கு 108. ஒழுங்காக இறுக்கிய நட்டு என்றால் 200 நியூட்டன் மீட்டர் மெஷினே கழற்றிவிடும். ஆனால் டயர் கடை முறுக்கல், அதோடு உப்புக்காற்றில் பிடித்த துரு, இந்த இரண்டும் சேர்ந்தால் 200 வெறுமனே தட்டிக்கொண்டே நிற்கும். சஸ்பென்ஷன் போல்ட், முன் ஹப் நட்டு எல்லாம் அதைவிட அடம் பிடிக்கும். 400 இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். 1000 நிஜமாகவே தரும் மெஷின்கள் லாரி, பொக்லைன் வேலைக்கு, கனமும் அதிகம், வீல் ஆர்ச்சுக்குள் தலை நுழையாது.

ஞாயிறு_மெக்கானிக்:

மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. மெஷின் கழற்றுவதற்கு மட்டும். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச், அதாவது நாம் வைத்த டார்க் வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனர். உங்கள் கையிலேயே கன் வந்துவிட்டால் அந்த டயர் கடைக்காரர் செய்ததையே நீங்களும் செய்வீர்கள், டிரிக்கரை ஒரு நொடி கூடுதலாக அமுக்கினால் போதும், ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) நீண்டுவிடும் அல்லது மரை போய்விடும். முதலில் நட்டைக் கை விரலால் ஏற்றுங்கள், நாலைந்து சுற்று தடையில்லாமல் ஓட வேண்டும், அப்புறம் ஸ்பேனரால் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் 'டக்' என்று சத்தம் வரும்வரை. 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை சரிபாருங்கள்.

பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் தரும் என்றால் நான் டார்க் ரெஞ்ச்தான் சொல்வேன், கூடவே அரை இன்ச் பிரேக்கர் பார் (சாக்கெட் மாட்டும் நீளக் கைப்பிடிக் கம்பி). 60 சென்டிமீட்டர் நீளப் பாரின் முனையில் 40 கிலோ எடை கொடுத்தால் கிட்டத்தட்ட 235 நியூட்டன் மீட்டர் வருகிறது, பேட்டரியே வேண்டாம். உங்கள் மனைவிக்கும் வண்டியில் வைக்க வேண்டியது இதுதான், 19 எம்எம் சாக்கெட்டோடு. நட்டு சரியான டார்க்கில் இருந்தால் அவரே சுலபமாகக் கழற்றுவார். மே மாத வெயிலில் டிக்கிக்குள் லித்தியம் பேட்டரியை வைத்துவிட்டுப் போவது நல்லதல்ல.

சாக்கெட்_செட்:

சாக்கெட்டைப் பற்றி: வீட்டில் இருக்கும் பளபள குரோம் சாக்கெட்டை இம்பாக்டில் மாட்டாதீர்கள். அடி வாங்க வாங்க வெடித்து முகத்தில் தெறிக்கும். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்குங்கள், அரை இன்ச், 17, 19, 21 போதும், 19 மட்டும் டீப் சாக்கெட்டாக. அலாய் வீல் என்றால் சுவர் மெல்லியதாகப் பாருங்கள், தடித்தது உள்ளே போகாமல் அலாயைக் கீறும். எக்ஸ்டென்ஷன் போட்டால் பலம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். கண்ணாடி, காதுக்கு மஃப் கட்டாயம்.

ஆயில் டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக் பக்கம் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது.

முத்துநகர்_ஸ்விஃப்ட்:

ரொம்ப நன்றி. டார்க் ரெஞ்ச், பிரேக்கர் பார், கறுப்பு சாக்கெட் முதலில் வாங்கிவிடுகிறேன். 400க்கு என் 2 ஆம்பியர் ஹவர் பேட்டரி தாங்குமா?

டீசல்_பிரியன்:

பொருந்தும், ஓடும், ஆனால் முழு பலம் வராது. 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் செல்கள் ஒரே வரிசை, 4, 5 ஆம்பியர் ஹவரில் பொதுவாக இரண்டு வரிசை இணையாக இருக்கும், அதனால் ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் இழுக்க முடியும். துருப்பிடித்த நட்டில் அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். இப்போதைக்கு இருப்பதை வைத்து ஓட்டுங்கள், சஸ்பென்ஷன் வேலை தொடங்கும் முன் ஒரு பெரிய பேட்டரி. வாங்கும்போது நீல நிற வரிசையா என்று பார்த்து வாங்குங்கள், பச்சை நிற வீட்டு வரிசை பேட்டரி இதில் ஏறாது.

அப்புறம், முந்தின நாள் இரவே துருப்பிடித்த போல்ட்களில் பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள் ஊறி இறங்கும் எண்ணெய்) அடித்து ஊற விடுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு அது பாதி வேலையை முடித்துவிடும்.