ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தித் தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பாடசாலையில் உயர்தரம் (ஏ/எல்) முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஹட்டனில் பேச்சு ஆங்கில வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் என் தடுமாற்றம் எழுத்தில்தான்.

'டியர் சேர்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்பதெல்லாம் மனப்பாடம். நடுவில் வரும் பந்திகள்தான் உயிரை எடுக்கின்றன. '2022 இல்' என்று முடிந்துபோன காலத்தைச் சொன்னால் சாதாரண இறந்தகாலம். இன்றுவரை தொடரும் அனுபவத்துக்கு 'ஹேவ்' சேர்த்த வடிவம். விதி புரிகிறது. ஒரே பந்தியில் இரண்டும் வந்தால் கை நின்றுவிடுகிறது. 'ஏ' (a), 'த' (the) எங்கே போடுவது என்பது இன்னும் மோசம். தமிழ்க் காது அங்கே உதவிக்கு வருவதில்லை.

வாரம் ஒரு கடிதம் அனுப்பினால், பிழையைக் காட்டி, ஏன் பிழை என்றும் ஒரு வரி எழுதித் தர ஆசிரியர்களோ அக்கா, அண்ணன்மாரோ முன்வருவீர்களா? நான் பாவிக்கும் இலவசச் செயலி திருத்துகிறது, காரணம் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் போதும். மழை நாட்களில் இங்கே சிக்னல் பெரும்பாடு, ஆகவே காணொளி வகுப்பு சரிவராது. உயர்தரப் பொது ஆங்கிலப் பழைய வினாத்தாள்கள் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். பிரதி எடுக்கும் செலவு என்னுடையது.