துளசி 17 மி.மீ.: குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலம்

கயல்: துளசி இலை எத்தனால் எக்ஸ்ட்ராக்ட், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா வளர்த்த பிளேட்ல 17 மி.மீ. ஜோன் (பாக்டீரியா வளராத வட்டம்) 🥳 ஈ.கோலைல 9. ஜென்டாமைசின் ஆன்டிபயாட்டிக் பேப்பர் டிஸ்க் 21. துளசி கிட்டத்தட்ட ஜென்டாமைசின் அளவுக்கு வேலை செய்யுதுன்னு எழுதலாமா பெரியம்மா?

மல்லிகா பெரியம்மா: எழுதாத.

மல்லிகா பெரியம்மா: அகார் ஜெல்லில வெட்டின குழியில எவ்வளவு ஊத்தின?

கயல்: 100 மி.கி./மி.லி. எக்ஸ்ட்ராக்ட்ல 50 மைக்ரோலிட்டர்.

மல்லிகா பெரியம்மா: அப்ப 5 மி.கி. டிஸ்க்ல இருக்கிற ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம். 500 மடங்கு போட்டும் 17தான் வந்திருக்கு. அதுவும் ஒண்ணு குழி, ஒண்ணு டிஸ்க். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பேசவே கூடாது. ஏடிசிசி 25923ங்கிற தரச் சோதனை ஆரியஸ் ஸ்ட்ரெய்ன்னா ஜென்டாமைசின் 19லேர்ந்து 27க்குள்ள வரணும். உன்னோட 21 அதுக்குள்ள இருக்கு, அகாரும் இனாக்குலமும் (தடவின பாக்டீரியா அளவு) சரின்னு அர்த்தம். அந்த டிஸ்க்கோட வேலை அவ்வளவுதான்.

குமார் மாமா: வெறும் எத்தனால் ஊத்தின குழி வச்சியா?

கயல்: வச்சேன் மாமா. ஆரியஸ்ல 11, ஈ.கோலைல 9.

குமார் மாமா: ஈ.கோலைல எக்ஸ்ட்ராக்டும் 9, எத்தனாலும் 9 🙂 அந்த பிளேட்ல துளசி ஒண்ணுமே செய்யல. சாராயம்தான் கொன்னுருக்கு.

கயல்: 😭 ஆரியஸ்ல 17லேர்ந்து 11 கழிச்சு 6னு போட்டா?

மல்லிகா பெரியம்மா: கழிக்கக்கூடாதும்மா. எத்தனால் பரவுற வேகம் வேற, இலைச்சத்து பரவுற வேகம் வேற. போதாததுக்கு எத்தனால் செல் சவ்வை இளக்கி விட்டுடும், மத்தது சுலபமா உள்ள போயிடும். 40 டிகிரில எவாப்பரேட்டர்ல எத்தனாலை முழுசா ஓட்டு. ரெண்டு தடவை எடை போட்டாலும் எடை மாறக்கூடாது. அப்புறம் 10% டிஎம்எஸ்ஓங்கிற கரைப்பான்ல கரை. அதே 10% டிஎம்எஸ்ஓவை மட்டும் இன்னொரு குழியில ஊத்து, அங்க ஜோன் வரக்கூடாது.

அருண்: எத்தனை கிராம் இலைல ஆரம்பிக்கணும்?

குமார் மாமா: 20 கிராம் பொடி, 200 மி.லி. 80% எத்தனால், அப்பப்ப குலுக்கி 72 மணி நேரம், வாட்மேன் 1 பேப்பர்ல வடிகட்டு. இலைய நிழல்ல உலர்த்தி, கையில நசுக்கினா நொறுங்குற பதம் வந்ததும் பொடிக்கணும். ஈரம் நின்னா பூஞ்சை வந்துடும். பூஞ்சையே பாக்டீரியாவைக் கொல்ற சரக்கு விடும், அதை துளசி கணக்குல எழுதிடுவோம். இன்னொண்ணு, துளசில இருக்கிற யூஜினால்ங்கிற எண்ணெய்ச் சத்து ஆவியாகுற சரக்கு. உலர்த்தும்போது கொஞ்சம், எவாப்பரேட்டர்ல கொஞ்சம் போயிடும். எண்ணெய்தான் வேணும்னா பச்சை இலைய கிளெவெஞ்சர் வடிகலன்ல 3 மணி நேரம் வடிச்சு எடுக்கணும்.

அருண்: ஈ.கோலை மட்டும் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்குது?

குமார் மாமா: அதுக்கு வெளிய இன்னொரு சவ்வு இருக்கு, மேல லிப்போபாலிசாக்கரைடு. எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறு அங்கயே நின்னுடும். போரின் ஓட்டை வழியா உள்ள போனதையும் பம்ப் வெளிய இறைச்சுடும். ஆரியஸ்கிட்டயும் பம்ப் உண்டு. பெர்பெரிஸ் செடில இருக்கிற பெர்பெரின்ங்கிற சத்து தனியா அதுகிட்ட பெருசா ஒண்ணும் செய்யாது, நார்-ஏ பம்ப் துப்பிடும். ஆனா சில பெர்பெரிஸ் செடிங்க 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின்னு இன்னொண்ணும் செய்யுது. அதுக்குக் கொல்ற சக்தி கிடையாது, பம்ப்பை மட்டும் அடைக்கும். ரெண்டையும் பிரிச்சா வேலை படுத்துடும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

மல்லிகா பெரியம்மா: தம்பி கதைக்குப் போயிட்டான் 😄 கயல், ஜோன் அகலத்தை விட்டுட்டு எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கிற குறைஞ்சபட்ச அளவு) பாரு. அகார்ல எது நல்லாப் பரவுதோ அதுக்குத்தான் பெரிய வட்டம். மஞ்சளோட குர்குமின் குழியை விட்டு நகரவே நகராது. மஞ்சள் கலர் வளையத்தை ஜோன்னு அளந்தவங்களும் உண்டு.

கயல்: 96 குழி பிளேட்ல எப்படிப் போடணும்?

மல்லிகா பெரியம்மா: 12 குழியிலயும் 100 மைக்ரோலிட்டர் முல்லர்-ஹின்டன் பிராத் (பாக்டீரியா வளர்ற திரவம்). முதல் குழியில எக்ஸ்ட்ராக்ட் 100. அது 4 மி.கி./மி.லி., 4% டிஎம்எஸ்ஓல இருக்கணும். கலக்கி 100 எடுத்து அடுத்ததுக்கு, இப்படியே 10 வரைக்கும், கடைசி 100 வெளிய. 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் இருக்கிற பாக்டீரியாக் கரைசலை 150 மடங்கு கரைச்சா மி.லி.க்கு சுமார் 10 லட்சம் செல். அதுல 100 மைக்ரோலிட்டர் 1லேர்ந்து 11 வரைக்கும், 12ல வெறும் பிராத். முதல் குழியில கடைசியா 1 மி.கி./மி.லி., டிஎம்எஸ்ஓ 1% நிக்கும். எக்ஸ்ட்ராக்ட் இல்லாத 11ம் குழிக்கும் அதே 1% டிஎம்எஸ்ஓ வர்ற மாதிரி பார்த்துக்கோ. 35 டிகிரி, 16லேர்ந்து 20 மணி நேரம்.

கயல்: பச்சைக் கலர்ல கலங்கல் தெரியுமா? ரெசாஜுரின் சாயம் விடலாமா?

மல்லிகா பெரியம்மா: விடு, 0.015%, 30 மைக்ரோலிட்டர், 2லேர்ந்து 4 மணி நேரம். ஊதா பிங்க்கா மாறினா உயிரோட இருக்கு. ஆனா இலையில இருக்கிற பாலிஃபீனாலே அதைப் பிங்க் ஆக்கும். பாக்டீரியா இல்லாம எக்ஸ்ட்ராக்ட் மட்டும் ஒரு வரிசை போடு. அந்த வரிசையும் பிங்க் ஆனா ரெசாஜுரினை நம்பாத.

அருண்: வளராத குழியில பாக்டீரியா செத்துப்போச்சா, தூங்குதா?

குமார் மாமா: அந்தக் குழியிலேர்ந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகார்ல தடவு. தொடக்கத்துல அந்த 10ல சுமார் 5000 செல் இருந்தது. 99.9% போகணும்னா 5 காலனிக்கு மேல வரக்கூடாது.

அருண்: அப்போ 17 மி.மீ. வந்த சாறைப் புண்ணுல தடவலாமா?

மல்லிகா பெரியம்மா: கூடாது. பிளேட்ல சீழும் இல்ல, ரத்தப் புரதமும் இல்ல. இலையில இருக்கிற டானின் புரதத்தைப் பார்த்தா அதோட ஒட்டிக்கும். சாறு தோல் செல்லைக் கொல்லுதான்னும் இன்னும் பார்க்கல.

கயல்: சரி பெரியம்மா. எவாப்பரேட்டர்ல இப்பவே ஏத்துறேன்.

குமார் மாமா: காலி ஃபிளாஸ்க்கை முதல்ல எடை போட்டுக்கோ 😀