இத்தாலியில கோட்டை பார்க்க: பலெர்மோவில நிண்டு எங்கெங்க போகலாம்?

பரந்தன் சந்தி:
வணக்கம். ஏப்ரலில கிளிநொச்சியில இருந்து பலெர்மோவுக்கு, அக்கா வீட்டை பத்து நாள் போறம். அம்மாவும் வாறா. வயது 64, முழங்கால் நோ, கனக்கப் படி ஏறமாட்டா. மன்னார், யாழ்ப்பாணக் கோட்டையள் பார்த்திருக்கிறம். அங்க எதைப் பார்த்தால் புதிசாய் ஏதும் விளங்கும்? எட்டுமூலைக் கோட்டை எண்டு ஒரு படம் அடிக்கடி வருது, அதுக்குப் போகலாமோ? விசா விசயமும் சொல்லுங்கோ.

குளக்கட்டு:
அது கஸ்தெல் தெல் மொந்தே. 13ஆம் நூற்றாண்டில பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் கட்டினது. கட்டடமும் எட்டுமூலை, மூலைக்கு ஒண்டாய் நிக்கிற எட்டுக் கோபுரங்களும் எட்டுமூலை. இத்தாலியின்ர 1 சத யூரோக் காசில இருக்கிறது அதுதான். ஆனால் பூலியாவில, பலெர்மோவுக்கு நல்ல தூரம். காரையும் கீழ விட்டிட்டு வேற பஸ்ஸில ஏறவேணும், மேல்மாடிக்கு ஒடுங்கின சுருள்படி. அம்மாவோட வேண்டாம்.

அதே பேரரசர் கட்டின இன்னொண்டு கத்தானியாவில இருக்கு: கஸ்தெல்லோ உர்சீனோ. பலெர்மோவில இருந்து பஸ்ஸில மூண்டு மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம். 1239இல தொடங்கேக்க அது கடலோரக் கோட்டை. 1669இல எட்னா எரிமலை வெடிச்சு, குழம்பு கோட்டையைச் சுத்தி ஓடி அகழியை மூடி, கடலையும் தள்ளிப்போட்டுது. இப்ப அது நகரத்துக்கு நடுவில நிக்குது. உள்ள போக முதல் வெளியால ஒரு சுத்துச் சுத்துங்கோ. சுவரின்ர அடியில கறுப்புக் கல்லாய் இறுகிக் கிடக்கிறது அந்தக் குழம்புதான். இதுக்குப் படி ஏறத் தேவையில்லை.

பலெர்மோவுக்குள்ளயே சீசா இருக்கு. சண்டைக் கோட்டை இல்லை, நோர்மன் அரசர்மாரின்ர கோடைமாளிகை. கீழ் மண்டபத்துச் சுவரில இருந்து தண்ணி வழிஞ்சு, நிலத்தில வெட்டின வாய்க்காலால அந்தக் காலத்தில வெளியில ஓடினது. வீட்டைக் குளிராக்கச் செய்த வேலை. வாய்க்காலோட வளர்ந்த எங்கட சனத்துக்கு அதைப் பார்த்தவுடன விளங்கும்.

மன்னார்த் தீவு:
மன்னார்க் கோட்டை பார்த்த ஆக்கள் நாப்போலியை (நேப்பிள்ஸ் நகரத்தை) தவறவிடக்கூடாது. எங்கட கோட்டையளின்ர கூர்மூலைக் கொத்தளம், அதாவது மூலையில வெளியால துருத்தி நிக்கிற பீரங்கி மேடை, இத்தாலியில உருவான முறை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதைத்தான் இஞ்ச கொண்டுவந்தவை.

காரணம் பீரங்கி. உயர்ந்த, மெல்லிய சுவர் இரும்புக் குண்டுக்கு உடையும். அதாலை சுவரின்ர உயரத்தைக் குறைச்சு, தடிப்பாக்கி, பின்னால மண் நிரப்பிச்சினம். வட்டக் கோபுரத்தில இன்னொரு குறை: அதின்ர அடியில ஒட்டி நிக்கிற எதிரியை பக்கத்துக் கோபுரத்தில நிண்டு சுட ஏலாது. கூர்மூலையாய்க் கட்டினால் அந்த மறைவிடம் இல்லாமல் போகும், ஒரு கொத்தளம் மற்றதைக் காக்கும். மன்னாரில கொத்தளம் சுவரோட சேருற பக்கம் நிண்டு சுவர் நீளத்துக்குப் பாருங்கோ, குண்டு போற வழி கண்ணுக்கே தெரியும்.

நாப்போலியில வட்டக் கோபுரம், கூர்மூலை இரண்டு முறையையும் ஒரே நாளில பார்க்கலாம். துறைமுகத்துக்குக் கிட்ட கஸ்தெல் நுவோவோ, 1279இல தொடங்கினது, தடிச்ச வட்டக் கோபுரங்கள். அதின்ர வெண்கலக் கதவில ஒரு பீரங்கிக் குண்டு சிக்கினபடியே இருக்கு, தேடிப் பாருங்கோ. மலையில சாந்த் எல்மோ, 16ஆம் நூற்றாண்டு, ஆறு கூர் நட்சத்திரம். மொந்தெசாந்தோ நிலையத்தில இருந்து கம்பியில இழுபடுற மலைரயிலில மொர்கென் நிலையம் வரை போனால் மிச்சம் கிட்டத்தான், ஆனால் ஏற்றம். உள்ள லிப்ட் இருக்கு. ரிக்கற் எடுக்கேக்கயே அது வேலை செய்யுதோ எண்டு கேளுங்கோ.

பலெர்மோவில இரவு கப்பல் ஏறினால் விடிய நாப்போலி. கபினோட பதிஞ்சால் அம்மா படுத்து வரலாம்.

வவுனியா வடக்கு:
விசாவுக்கு: பயணத்துக்கு 6 மாதத்துக்கு முதல் விண்ணப்பிக்க ஏலாது, கடைசி 15 நாளுக்கு முதலாவது குடுக்கவேணும். காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல், நிக்கிற எல்லா நாளுக்கும் செல்லவேணும். ஒரு நாள் குறைஞ்சாலும் சிக்கல்தான். கடவுச்சீட்டு திரும்பிற திகதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாகவேணும். கைவிரல் அடையாளம் குடுக்க கொழும்புக்கு நேரில போகவேணும்.

கனபேர் பிழைவிடுற இடம் வங்கிக் கூற்று. கடைசிக் கிழமை கைமாத்து வாங்கிப் போட்ட காசு அதில துருத்திக்கொண்டு நிக்கும். மாதாமாதம் வந்துபோற கணக்கைத்தான் பார்ப்பினம். வயல், வளவு உறுதி இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து ஆங்கிலத்தில மாத்தி வையுங்கோ. திரும்பி வருவீங்கள் எண்டதுக்கு அது நல்ல சான்று.

அக்கா அழைப்புக் கடிதம் அனுப்பவேணும். நீங்கள் போய் இறங்கி 48 மணித்தியாலத்துக்குள்ள, வீட்டில ஆக்கள் நிக்கினம் எண்டு அங்கத்தைப் பொலிசுக்கும் எழுத்தில அறிவிக்கவேணும். இதைக் கனபேர் மறக்கிறவை.

பரந்தன் சந்தி:
நன்றி அண்ணையாக்கள். அப்ப சீசா, கத்தானியா, நாப்போலி. கிழமையில எந்த நாள் பூட்டு?

குளக்கட்டு:
ஒவ்வொண்டுக்கும் வேறவேற தம்பி, கனக்க இடம் திங்கள் பூட்டு. முதல்நாள் இரவு அவையின்ர தளத்தில பாருங்கோ. கடைசி ரிக்கற் பூட்டுற நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே நிண்டிடும், நாலு மணிக்குப் போய் நிண்டு ஏமாறவேண்டாம். மாதத்தின்ர முதல் ஞாயிறு சாந்த் எல்மோ மாதிரி அரச இடங்கள் இலவசம். ஆனால் சனம் நிறையும், அம்மாவுக்கு இருக்க இடம் கிடைக்காது. உள்ளூர் ரயிலுக்குக் கடதாசி ரிக்கற் எடுத்தால் ஏற முதல் மெசினில குத்துங்கோ. குத்தாட்டி காசு குடுத்து வாங்கின ரிக்கற்றுக்கும் தண்டம்.