கீலெஸ் மாட்யூலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். என் காருக்கு ஏழு வயது. சாவி சட்டைப்பையில் இருக்கும்போது கதவுக் கைப்பிடியின் பொத்தானை அழுத்தினால் சில நாட்களில் திறக்கிறது, சில நாட்களில் திறப்பதில்லை. சாவியில் உள்ள பொத்தானை அழுத்தினாலும் அதே கதிதான். சாவியின் சிஆர்2032 பேட்டரியை மாற்றியும் பயனில்லை. கீலெஸ் மாட்யூல் (சாவியை வெளியே எடுக்காமலே கதவைத் திறக்க வைக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்று சொல்லும் சர்வீஸ் நிலையத்தார், அதைக் காருக்கும் சாவிகளுக்கும் அறிமுகப்படுத்தும் கோடிங் செலவையும் சேர்த்துப் பெரிய தொகை கேட்கிறார்கள். பழைய உதிரிபாகக் கடையில் அதே எண் கொண்ட மாட்யூல் மலிவாகக் கிடைக்கிறது. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு போல்ட்டுகளில்தான் அது நிற்கிறது என்பதால், நானே மாற்றிவிடலாமா?

பதில் 1:
கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலைதான். தொல்லை அதற்குப் பிறகே தொடங்கும். பல கார்களில் இந்த மாட்யூலும் இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை இயங்கவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு) ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் இன்ஜின் இயங்கும். வேறொரு காரின் சாவிகளையும் அடையாளத்தையும் சுமந்து வரும் பழைய மாட்யூலை மாட்டினால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வண்டியும் நின்றுபோகக்கூடும். புதியதாக இருந்தாலும், ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியோடு பேச உதவும் இணைப்பு) ஸ்கேனரை இணைத்து, உங்களிடம் உள்ள சாவிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டியிருக்கும். கழற்றியே தீருவது என்றால், முதலில் கார் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

பதில் 2:
மாட்யூல்தான் பழுது என்று யார் உறுதி செய்தார்கள்? கைப்பிடியை அழுத்தும்போது காரின் ஆன்டெனா சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் சாவியை எழுப்புகிறது. சாவி, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது. கைப்பிடி மட்டும் வேலை செய்யாவிட்டால் அந்தப் பக்கத்து ஆன்டெனாவையோ சுவிட்சையோ சந்தேகிக்கலாம். உங்களுக்குச் சாவியின் பொத்தானும் சேர்ந்தே படுத்துவதால், பதிலை வாங்கும் ரிசீவர், அதற்கு வரும் மின்சாரம், வெளியிலிருந்து வரும் ரேடியோ இரைச்சல் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். இரண்டாவது சாவியால் முயன்றீர்களா? வண்டி நிற்கும்போதும் ஓடும் மலிவான டேஷ்கேம் (முன்கண்ணாடிக் கேமரா) இருந்தால் அதுவும் அந்த இரைச்சலைக் கிளப்பலாம் என்பதால் அதன் இணைப்பை இரண்டு நாள் எடுத்துப் பாருங்கள். கிளவ் பாக்ஸுக்குக் கீழே கார்பெட் ஈரமாக இருக்கிறதா என்றும் கை வைத்துப் பாருங்கள். ஏசி வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேதான் சொட்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரண்டாவது சாவியும் அப்படியேதான் இருந்தது. டேஷ்கேம் என்னிடம் இல்லை. ஆனால் கார்பெட்டைத் தூக்கியபோது அடியில் இருந்த பஞ்சு நனைந்திருந்தது, மாட்யூலின் இணைப்பி முனைகளில் பச்சை பூத்திருந்தது. நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்கு உலர்த்தி மாட்டினேன். வடிகுழாயையும் சுத்தம் செய்தாகிவிட்டது. நான்கு நாட்களாக முன்கதவுகள் முதல் அழுத்தலிலேயே திறக்கின்றன. டிக்கி மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. அதற்கான ஆன்டெனா பின் பம்பருக்குள் இருக்குமா?